தாழ்ந்த காரும் தேய்ந்த டயரும்

உத்திரமேரூர் என்றதும் நம் நினைவுக்கு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையையும் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றையும் பற்றி இன்றும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதே ஊர்ச் சாலையில் பஞ்சர் கடை வாசலில் குவிந்து கிடக்கும் பழைய டயர்களும் ஒரு வகையில் கல்வெட்டுகளே. படிக்கத் தெரிந்தவருக்கு ஒவ்வொன்றும் தான் ஓடிய வண்டியின் கதையைச் சொல்லும்.

அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சற்று நின்று பாருங்கள். நடுப்பகுதி மட்டும் வழுக்கையான டயர் கிடக்கிறதா? அதில் காற்று அதிகமாக இருந்தது என்று பொருள். இரு ஓரங்களும் தேய்ந்து நடுவில் மட்டும் வரிகள் மிஞ்சியிருக்கின்றனவா? காற்று போதவில்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு. வெளி ஓரம் புத்தம் புதிதுபோல் இருக்கும். உள் ஓரமோ கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். காருக்கு வெளியே நின்று பார்க்கும் உரிமையாளர், "டயர் நன்றாகத்தானே இருக்கிறது!" என்று எண்ணிக்கொள்வார். டயர் வெடிக்கும் நாளில்தான் உண்மை தெரியவரும். இந்த மூன்றாவது வகைத் தேய்மானத்தின் வரலாற்றைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

சாய்ந்த சக்கரங்கள்

சக்கரம் சாய்ந்து நிற்பது காரோடு வந்த புதுமை அன்று. நம் பாரவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. குடத்தின் துளை தேய்ந்து அகன்றுவிட்டால் சக்கரம் ஆடத் தொடங்கும். ஆடும் சக்கரத்தின் பட்டை ஒரு பக்கமாகத் தேயும். மாடுகளுக்கும் பாரம் கூடும். ஐரோப்பியக் கோச்சு வண்டி செய்தவர்களோ, அச்சின் இரு முனைகளையும் வேண்டுமென்றே சற்றுக் கீழ்நோக்கி வளைத்து, சக்கரத்தின் மேற்பகுதி வெளியே சாயும்படி அமைத்தனர். ஆரக்கால்களைத் தட்டுப்போல் குழிவாகப் பொருத்தியதால், பாரம் தாங்கும் கீழ் ஆரக்கால் தரைக்குச் செங்குத்தாக நின்றது.

முதல் கார்களும் இந்தச் சாய்வைப் பெற்றுக்கொண்டன. நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருந்த அக்காலச் சாலைகளுக்கு அது ஏற்றதாக இருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்புவதும் எளிதாயிற்று. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும் என்னும் உண்மையும் கோச்சு வண்டிக் காலத்திலேயே தெரிந்திருந்தது. மியூனிக் நகரத்து லாங்கென்ஸ்பெர்கர் உருவாக்கிய அந்த அமைப்புக்கு 1818 இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மான். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

1888 இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. இரும்புப் பட்டை தேய்ந்தால் கொல்லரிடம் போகலாம். ரப்பர் தேய்ந்தால் காசு போகும். சில வேளை உயிரும் போகும். ஆகவே சக்கரத்தின் கோணங்களை அளந்து வைப்பது தொழில்நுட்பத்தின் ஒரு பிரிவாகவே வளர்ந்தது.

மூன்று கோணங்கள்

காரின் முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது 'காம்பர்'. மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்முனைகள் நெருங்கியோ விலகியோ இருப்பது 'டோ'. நாம் நிற்கும்போது பாதங்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வைப்பதைப் போன்றது. பக்கவாட்டில் பார்க்கும்போது, சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் சாய்வு 'காஸ்டர்'. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேராவதற்கு இது உதவுகிறது.

டயரைத் தின்பதில் முதலிடம் டோவுக்கே. ஒரு சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து 1 டிகிரி மட்டும் விலகியிருப்பதாகக் கொள்வோம். அது உருளத் துடிக்கும் திசை ஒன்று. கார் அதை இழுத்துச் செல்லும் திசை வேறொன்று. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் அளவுக்கு அது பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 30 கிலோமீட்டர் ஓடினால் அரைக் கிலோமீட்டர் தூரம் டயரைத் தரையில் குறுக்கே இழுத்ததற்குச் சமம்! உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போய்வரும் காருக்கு இதன் விளைவு என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஹெரால்டு கார் கற்பித்த பாடம்

காரின் உயரத்துக்கும் சக்கரத்தின் சாய்வுக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காட்டிய கார் ஒன்று நம் வட்டாரத்திலேயே தயாரானது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இயங்கிவந்தது. இங்கிலாந்தில் 1959 இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரை, 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அது தயாரித்தது. சென்னைச் சாலைகளில் அந்த அழகிய காரைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

அதன் பின்சக்கர அமைப்புக்கு 'ஊசல் அச்சு' என்று பெயர் வைக்கலாம். பின்புற அச்சு ஒரே தண்டாக இல்லை. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இரு பக்கங்களிலும் இரண்டு அரை அச்சுகள், பறவையின் இறக்கைகள்போல் மேலும் கீழும் அசையும். குறுக்கே ஒரு பட்டைவில் பாரத்தைத் தாங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மறு சக்கரம் அசையாது என்பது இதன் சிறப்பு. ஆனால் இறக்கை மடியும்போது அதன் முனையிலுள்ள சக்கரமும் சாயுமல்லவா?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அரை அச்சின் நீளம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களும் மூட்டைகளும் ஏறி காரின் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், சக்கரம் ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்துவிடும். மேற்பகுதி உள்ளேயும் கீழ்ப்பகுதி வெளியேயும் போகும். பாரம் முழுவதும் டயரின் உள் ஓரத்தில் இறங்கும். நாளடைவில் பட்டைவில் தொய்ந்துபோனால் காலியாக ஓடும்போதும் இதே நிலைதான். மாறாக, வேகமான திருப்பத்தில் காரின் பின்புறம் மேலெழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து பிடிப்பை இழக்கக்கூடும். இதே வகை அமைப்புள்ள அமெரிக்கக் காரான கார்வேரைப் பற்றி ரால்ஃப் நேடர் 1965 இல் தம் நூலின் முதல் இயலிலேயே எழுதியது பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

நம் நாட்டு உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் பலர் இந்த ஊசல் அச்சை விரும்பவில்லை. 1972 இல் அதே நிறுவனம் 'கஸல்' என்ற காரை வெளியிட்டபோது, ஊசல் அச்சைக் கைவிட்டுப் பின்புறம் ஒரே தண்டான அச்சை வைத்தது. அம்பாசடர் காரிலும் பின்புறம் இவ்வகை அச்சுதான். பாரம் ஏறினாலும் இறங்கினாலும் இதில் சக்கரங்கள் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். சவாரி சற்றுக் கரடுமுரடானாலும் டயர் சீராகத் தேயும்.

காரைத் தாழ்த்தினால் என்ன ஆகும்?

பந்தயக் கார்களைத் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி அமைப்பதற்குக் காரணம் உண்டு. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் திருப்பத்தில் கார் சாய்வது குறையும். ஆனால் அக்கார்களில் உயரத்துக்கேற்ப எல்லாக் கோணங்களையும் மாற்றி அமைக்கிறார்கள். அழகுக்காகச் சுருள்வில்லை அறுத்துத் தாழ்த்தும் இளைஞர் உயரத்தை மட்டுமே மாற்றுகிறார். இன்றைய கார்கள் பலவற்றில், வண்டி தாழும்போது முன்சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. அத்துடன் ஸ்டியரிங் தண்டும் சக்கரத்தைத் தாங்கும் கையும் வேறு வேறு வட்டங்களில் அசைவதால் டோவும் மாறிவிடுகிறது. சாய்வு பாரத்தை உள் ஓரத்தில் குவிக்கிறது. டோ அந்த ஓரத்தைத் தரையில் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால் புது டயரும் விரைவில் பாழாகும். அறுத்த வில் தன் இருக்கையிலிருந்து நழுவும் அபாயம் வேறு. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டி, உச்சநீதிமன்றமும் 2019 இல் தீர்ப்பளித்துள்ளது.

"நான் காரைத் தாழ்த்தவில்லையே!" என்று நீங்கள் சொல்லலாம். ஐந்து பேர் செல்லும் காரில் எட்டுப் பேரையும் இரண்டு மூட்டை நெல்லையும் ஏற்றினால் அதுவும் தாழ்ந்த கார்தான். பல ஆண்டுகள் அப்படி ஓடி வில் தொய்ந்த வாடகைக் கார், இறங்கிய பின்னும் நிமிராது. ஊருக்குள் வேகத்தடையிலும் குழியிலும் இடிபட்ட காரின் கோணங்களும் மாறியிருக்கும். நாகரிகத்துக்காகத் தாழ்த்தியவருக்கும் பிழைப்புக்காகப் பாரம் ஏற்றியவருக்கும் டயர் ஒரே நீதிதான் வழங்குகிறது. பின்னவருக்கோ ஒரு ஜோடி டயரின் விலை பல நாள் வருமானம்.

நீங்களே சோதிக்கலாம்

கார் நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பிவிட்டு, முன் டயரின் உள் ஓரத்தைப் பாருங்கள். பல டயர்களில் வரிகளுக்கிடையே சிறு மேடுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். தேய்மானம் அவற்றை எட்டிவிட்டால் டயரை மாற்ற வேண்டும். பிறகு, கம்பி எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைக் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்போலவும் இருந்தால் டோ சரியில்லை. ரம்பப் பல் இல்லாமல் ஒரே பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தால் காம்பரைச் சந்தேகிக்கலாம்.

பழுது பார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் காற்றழுத்தம், அடுத்து தேய்ந்த புஷ்களும் பந்து மூட்டுகளும் தொய்ந்த வில்லும், பிறகு காம்பரும் காஸ்டரும், கடைசியில்தான் டோ. காம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதே இவ்வரிசைக்குக் காரணம். பழைய மெக்கானிக்குகள் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் பிடித்துப் பார்த்தார்கள். இன்று கணினி அளக்கிறது. எதைக் கொண்டு அளந்தாலும், ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைச் சரிசெய்வது வீண் செலவே. முன் டயரைப் பின்னால் மாற்றிப் போடுவதும் நோயைத் தீர்க்காது. சிறிது காலம் மறைக்கும், அவ்வளவுதான்.

இன்று மாலை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ நிற்கும் காரின் டயரைக் குனிந்து, உள்பக்கமாகப் பாருங்கள். அது ஏதேனும் சொல்ல முயல்கிறதா என்று தெரிந்துவிடும்.