கண்டிச் சுரமும் குருதி மரபும்

ஒரு நோய்க்கு ஏற்ற மருந்து கண்டுபிடிக்கப்படுமாயின் அம்மருந்து அந்நோயுற்றார் அனைவர்க்கும் ஒரே வகையாகப் பயன்படும் என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். இவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று. உண்ட மருந்தை உடல் எவ்வாறு மாற்றுகின்றது, எவ்வளவு விரைவாகக் கழிக்கின்றது, அதனைத் தாங்கும் ஆற்றல் குருதிக்கு உண்டா என்பன பெற்றோர் வழியாக வரும் பரம்பரையலகுகளாலும் உடலின் அனுசேபத்தாலும் பெரிதும் நிருணயிக்கப்படுகின்றன. இதனை ஆராயும் துறைக்கு 1959ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிரிட்ரிக் போகல் பெயரிட்டார்; தமிழில் அதனை மருந்தியற் பரம்பரையியல் எனலாம். பெயர் புதிதாயினும் பொருள் பழையது. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் பல நூற்றாண்டுகளாக வருத்திய சுரத்தின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

கண்டி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில், மகாவலி கங்கையின் வளைவிலே அமைந்துள்ளது. நகர் ஓரளவு நலமுடையதாயினும் அதனை அடையும் வழிகள் அத்தகையன அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் இறங்கினால் காடும் தாழ்நிலமும் நெடுந்தூரம் பரந்திருந்தன. அங்கே சுரம் நிலையாகக் குடிகொண்டிருந்தது. 1660ஆம் ஆண்டிற் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுக் கண்டியரசனின் நாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் அச்சுரத்தை நேரில் அறிந்தவர். ஏழு கோறளையில் வைக்கப்பட்டிருந்தபோது அவரும் அவர் தந்தையாரும் சுரமுற்றனர். தந்தையார் 1661ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறந்தார். மைந்தர் பிழைத்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் இலங்கை பற்றிய நூலை வெளியிட்டார். ஒரே இடத்தில் ஒரே நோயுற்ற இருவருள் ஒருவர் மாள மற்றவர் மீண்டது ஏன் என வினவுவார் அக்காலத்தில் இல்லை. விதி என்று கூறி அமைந்தனர்.

கண்டியரசுக்கு மலையும் காடும் அரணாயிருந்தன என்பர் வரலாற்றாசிரியர். சுரத்தையும் மூன்றாம் அரணாக எண்ணுதல் தகும். 1803ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டியை அடைந்தபோது, மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் நகரை வெறுமையாக்கிவிட்டு அகன்றிருந்தான். முத்துசாமி என்பவனை அரியணையில் அமர்த்திய ஆங்கிலேயர், பெரும்படை திரும்பியபின் மேஜர் டேவியின் தலைமையிற் காவற்படை ஒன்றை நிறுத்தினர். மழைக்காலம் வந்தது, சுரமும் பிற நோய்களும் படையினரை வீழ்த்தின. ஜூன் 24ஆம் நாள் கண்டிப் படை தாக்கியபொழுது ஆயுதம் ஏந்தவல்லார் சிலரே எஞ்சியிருந்தனர். டேவி சரணடைந்தார். நகரைவிட்டு வெளியேறியவர்கள் மகாவலி கங்கைக் கரையில் வட்டபுலுவையிற் கொல்லப்பட்டனர். எழ இயலாது மருத்துவ விடுதியிற் கிடந்த நோயாளரும் உயிர் தப்பவில்லை. 1815இற் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகியபின்னும், 1818ஆம் ஆண்டின் ஊவா, வெல்லசைக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற ஆங்கிலப் படையினருள் வாளுக்கு இரையானாரினும் சுரத்துக்கு இரையானார் பலர்.

இவ்விழப்புகள் மருத்துவரைச் சிந்திக்கச் செய்தன. கண்டியிற் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் இலங்கை உள்நாட்டின் நோய்நிலை பற்றி 1821இல் ஒரு நூல் வெளியிட்டார். சேற்று நிலத்திலிருந்து எழும் தீய காற்றே சுரத்துக்குக் காரணம் என்பது அக்காலக் கொள்கை. மலேரியா என்னும் சொல்லின் பொருளும் அதுவே. வெவ்வேறு நாட்டாரிடையே சுரம் வெவ்வேறு வகையாய்த் தாக்குதலைப் படை மருத்துவர் கண்டனர். ஆயின் அவ்வேறுபாட்டை இனத்தின் இயல்பாகவும் நாட்டுப் பழக்கமாகவும் கொண்டனரேயன்றி, ஒவ்வொருவர் குருதியிலும் தேடும் வழி அவர்க்குத் தெரியாதிருந்தது.

மருந்தின் கதையும் கண்டிச் சீமையிலே நிகழ்ந்ததாகும். தென்னமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவை 1820இல் பெலற்றியர், கவெந்து என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்தனர். 1861இல் பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்சின் மேற்பார்வையில் ஹக்கலையிற் சிங்கோனா நாட்டப்பட்டது. 1869இற் கோப்பிச் செடியை இலைநோய் பற்றி அழிக்கத் தொடங்கியபின் தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவைப் பயிரிட்டனர். 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையை நிரப்பியது. நிரப்பவே விலை வீழ்ந்தது. கொயினாச் சத்து மிகுந்த வேறு இனத்தை வளர்த்த ஜாவாவோடு போட்டியிட இயலாமல், துரைமார் சிங்கோனாவைப் பிடுங்கித் தேயிலையை நாட்டினர். அம்மரங்களை நட்டவரும் பிடுங்கியவரும் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்த தொழிலாளரே. அப்பாதையிற் சுரத்தாலும் வாந்திபேதியாலும் மடிந்தவர் எண்ணிறந்தோர்.

1897ஆம் ஆண்டிற் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் மலேரியாக் கிருமியை நுளம்பின் வயிற்றிற் கண்டார். தீய காற்றுக் கொள்கை மறைந்தது. எனினும் இலங்கையின் பெருந்துயர் அதற்குப் பின்னரே நேர்ந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலி கங்கை, மா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றி மணலிடையே குட்டைகளாய்த் தேங்கின. வழக்கமாக வெள்ளம் அடித்துச் செல்லும் நுளம்புக் குடம்பிகள் அக்குட்டைகளிற் பெருகின. அவ்வாண்டு ஒக்டோபர் முதலாகக் கேகாலை, குருநாகல், கண்டி ஆகிய பகுதிகளிற் சுரம் தீயெனப் பரந்தது. சில திங்களில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. வறண்ட வலயத்து மக்கள் இளமை முதற் சுரத்தில் அடிபட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்தார்க்கு அது இல்லை. பஞ்சத்தால் மெலிந்த உடலும் குழந்தைப் பருவமும் இறப்பை மிகுவித்தன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் கொண்டு வீடு வீடாகச் சென்றனர்.

அரசினர் கொயினாவைப் பெருமளவில் வழங்கினர்; பல உயிர்கள் பிழைத்தன. ஆயினும் குணமடைந்தோர் பலர் சில திங்கள் கழித்து மீண்டும் படுக்கையில் வீழ்ந்தனர். இதன் காரணம் பின்னரே விளங்கியது. வைவாக்ஸ் என்னும் வகை மலேரியாக் கிருமி குருதியில் மட்டுமன்றி ஈரலிலும் தங்குகின்றது என்பதை 1948இற் ஷோட், கார்ன்ஹம் என்போர் நிறுவினர். அங்கே உறங்குநிலையிற் கிடக்கும் கிருமியைக் கொயினா தொடுவதில்லை. அதனைக் கொல்லும் மருந்து வேறாதல் வேண்டும்.

அம்மருந்தைத் தேடும் முயற்சியை இரண்டாம் உலகப்போர் விரைவுபடுத்தியது. 1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றவே உலகின் கொயினாவிற் பெரும்பகுதி நேச நாடுகளின் கையைவிட்டுப் போயிற்று. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றியபொழுது, பர்மாக் காடுகளிற் போரிட்ட படைகளைக் காக்கும் கொயினாவுக்குத் தட்டுப்பாடு நிலவியது. சிங்கோனாவைப் பிடுங்கிய மலைநாட்டின் நடுவிலேயே அக்குறை உணரப்பட்டமை வரலாற்றின் விந்தையாகும்.

அமெரிக்காவில் இல்லினோய் மாநிலத்து யோலியெற் நகருக்கு அண்மையிலுள்ள சிறைச்சாலையில், 1944 முதல் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தார் கைதிகளுக்கு மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றிப் புதிய மருந்துகளைச் சோதித்தனர். கைதிகள் இசைந்தனர் என்பது உண்மையே. சிறையிலிருப்பவனின் இசைவு முழுமையான இசைவாகுமா என்னும் கேள்வி அன்றுதொட்டு எழுப்பப்பட்டு வருகின்றது. அச்சோதனைகளின் பயனாய்ப் பிறைமாகுயின் என்னும் மருந்து 1950களின் தொடக்கத்திற் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரலில் உறங்கும் கிருமியை அது கொன்றது. ஆனால் ஆபிரிக்க வழிவந்த கைதிகளுட் சிலர்க்கு, பிறர் எளிதில் தாங்கிய அளவே ஆபத்தாயிற்று. சில நாட்களிற் சிறுநீர் கறுத்தது, கண் மஞ்சளாயிற்று, குருதி குன்றியது.

குற்றம் மருந்தினதா, உடலினதா? 1954இல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தனர். பாதிப்புற்றவரின் செங்குழியங்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டுப் பாதிப்புறாதவரின் உடலிற் செலுத்திப் பிறைமாகுயின் கொடுத்தனர். வந்து சேர்ந்த குழியங்கள் அழிந்தன. சொந்தக் குழியங்கள் அழியவில்லை. குறை செங்குழியத்திலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. 1956இற் கார்சனும் அவர்தம் கூட்டாளிகளும் அக்குறையை இனங்கண்டனர். குளுக்கோசு-6-பொசுபேற்று டிஹைட்ரோஜினேசு என்னும் நொதியம் அக்குழியங்களிற் குன்றியிருந்தது. சுருக்கமாக அதனை ஜீ6பீடி என்பர். செங்குழியத்தை ஒட்சியேற்றத்திலிருந்து காக்கும் பணியில் இந்நொதியம் இன்றியமையாதது. பிறைமாகுயின் உடலில் மாற்றமடையும்போது தோன்றும் பொருள்கள் செங்குழியத்தைத் தாக்குகின்றன. காப்பில்லாத குழியம் சிதைகின்றது. இந்நொதியத்தின் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் அமைந்திருத்தலால், ஒரே எக்ஸ் உடைய ஆண்களிடம் குறை எளிதில் வெளிப்படும். பெண்கள் பெரும்பாலும் அதனைத் தாங்கி மைந்தர்க்கு அளிப்பர்.

இவ்வளவு தீங்கான குறை தலைமுறை தலைமுறையாக நிலைத்தது எவ்வாறு? மலேரியாவே குருதிக் குறைகள் சிலவற்றைப் பேணிக்காக்கின்றது என்னும் கருத்தை 1949இல் ஹால்டேன் வெளியிட்டார். 1960ஆம் ஆண்டளவில் மோட்டுல்ஸ்கி, அலிசன் ஆகியோர் அதனை ஜீ6பீடி குறைக்கும் பொருத்தினர். மலேரியா நெடுங்காலம் நிலவிய நாடுகளிலேயே இக்குறை மிகுந்து காணப்படுகின்றது. குறையுடையார் கடுஞ்சுரத்துக்கு எதிராக ஓரளவு காப்புப் பெற்றமையால் அம்மரபு அழியாது நின்றது என்பர். இலங்கையில் 1960களின் இறுதி முதல் இக்குறை பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. சுரம் நிலையாயிருந்த அனுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஐவர்க்கு மேற்பட்டோரிடம் அது காணப்பட்டுள்ளது. தென்னிந்தியாவிலும் இது உண்டு. எனவே இது ஒரு மொழியினரையோ சமயத்தினரையோ சார்ந்ததன்று. சிங்களக் குடியானவனும் தோட்டத்துத் தமிழனும் முன்னோர் பட்ட சுரத்தின் அடையாளத்தைக் குருதியிற் சுமக்கலாம். ஆயின் அது 1934ஆம் ஆண்டின் ஒரு கொள்ளைநோயால் விளைந்ததன்று. எண்ணற்ற தலைமுறைகளின் விளைவாகும்.

பிறைமாகுயினின் கதை குருதியோடு முடிவதில்லை. அம்மருந்து பயன்தருதற்கு ஈரலிலுள்ள மற்றொரு நொதியம் அதனை மாற்றுதல் வேண்டும். அந்நொதியம் பிறப்பிலேயே குன்றியவர்க்கு மருந்து உண்டும் சுரம் திரும்புகின்றது என்பது 2013இல் வெளியான ஆய்வொன்றால் விளங்கியது. ஒருவர்க்கு மருந்து தீங்காகின்றது, மற்றொருவர்க்குப் பயனற்றதாகின்றது, இருவர்க்கும் காரணம் மரபே. இவ்வுண்மை மலேரியா மருந்துக்கு மாத்திரம் உரியதன்று. 1956இல் மதராசில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார், ஐசோனியசிட் என்னும் மருந்தைச் சிலர் விரைவாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை ஆராய்ந்தனர். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்த முறையில் விரைவாகச் செயலிழக்கச் செய்வோர் குணமடைவது குறைந்தது.

நிற்க, இலங்கையின் சுரத்துக்கு என்னாயிற்று? 1945ஐ அடுத்து டீடீடீ தெளிக்கப்பட்டதனால் நோய் விரைந்து குறைந்து, 1963இல் நாடு முழுவதும் 17 பேரிடமே காணப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் நெடுங்காலம் உழைத்து, 2012 ஒக்டோபரில் உள்நாட்டின் இறுதி நோயாளர் காணப்பட்டபின், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாக அறிவித்தது.

சுரம் அகன்றது, குருதியின் அடையாளம் அகலவில்லை. பிற நாடுகளிலிருந்து வைவாக்ஸ் சுரத்தோடு திரும்புவோர்க்குப் பிறைமாகுயின் இன்றும் வேண்டப்படுகின்றது. அதனைக் கொடுக்குமுன் ஜீ6பீடி சோதித்தல் இன்றியமையாதது. 2018இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட தபெனோகுயின் ஒரே தடவையில் உண்ணப்படுவது. அதன் ஆற்றல் உடலில் நெடுநாள் நிற்பதால் அச்சோதனை இன்னும் தேவையாகின்றது. குட்டநோய்க்குரிய டாப்சோன் போன்ற வேறு மருந்துகளும் இக்குறையுடையார்க்குத் தீங்கு செய்யலாம். துணிகளிடையே வைக்கும் நப்தலீன் உருண்டைகூட, குறையுடைய பச்சிளங் குழந்தையின் குருதியைச் சிதைக்கவல்லது. 1963இன் வெற்றிக்குப்பின் நுளம்பை மறந்ததன் விலையை நாடு ஆறாண்டுகளிற் கொடுத்தது. 2016இன் வெற்றிக்குப்பின் குருதியை மறப்போமாயின், அதன் விலையை ஒரு குழந்தையோ ஓர் இளைஞனோ தனியே கொடுக்க நேரும்.

நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவன் செயற்படவேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறும் நெறியாகும். பழந்தமிழ் மருத்துவர் நாடி பார்த்து உடலின் இயல்பை அறிய முயன்றதும் இது கருதியே. அவர்தம் முறையும் இன்றைய நொதியச் சோதனையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் நோயை மட்டும் நோக்காது நோயுற்றவனையும் நோக்குக என்னும் அறிவுரை இரண்டுக்கும் பொதுவாகும். வட்டபுலுவையில் மாண்ட படைவீரன், காட்டுப்பாதையில் வீழ்ந்த தொழிலாளி, 1935இல் தாயின் மடியில் உயிர்விட்ட குழந்தை ஆகிய யாவரும் அவ்வாறு நோக்கப்படாது போனவர்கள். அவர்க்குக் கிட்டாத அந்நோக்கு இனி வருவோர் அனைவர்க்கும் கிட்டுமாறு செய்தல் மருத்துவரின் கடமையாகும். அதனைக் கேட்டுப் பெறுதல் கற்றோரின் கடமையாகும்.