லங்காவி மிதிவண்டிப் பந்தயமும் ஒரு பழைய கட்டுரை ஏடும்



சென்ற மாதம் பத்து காவானில் உள்ள என் இல்லத்திற்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்திருந்தார். இப்பொழுது அவரே இரு பிள்ளைகளுக்குத் தந்தை. மூத்தவள் நான்காம் ஆண்டில் பயில்கிறாள். வீடு மாறும்பொழுது கிடைத்ததாகச் சொல்லி, அட்டை கிழிந்த கட்டுரை ஏடு ஒன்றை என் முன் வைத்தார். 2004ஆம் ஆண்டு ஏடு. தலைப்பு: ‘நான் போற்றும் விளையாட்டு வீரர்’. கீழே சிவப்பு மையில் என் கையெழுத்தில் ‘மிக நன்று’. புற்றுநோயை வென்று எழுந்து, உலகின் மிகக் கடினமான மிதிவண்டிப் பந்தயத்தை ஆறு முறை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றிய கட்டுரை அது. கருத்துகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த ஆண்டு வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஏறத்தாழ இதையே எழுதினார்கள்.

“சார், இதை என் மகளிடம் காட்டலாமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்று ஏட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். இக்கட்டுரை அந்த ஒரு வாரத்தில் எழுதியது.

எனக்கு மிதிவண்டிப் பந்தயத்தின்மீது பித்து ஏற்பட்டது 1996இல். அவ்வாண்டுதான் ‘லெ டூர் டி லங்காவி’ என்னும் பன்னாட்டுப் பந்தயம் நம் நாட்டில் தொடங்கியது. அதற்கு முன்பும் ‘ஜெலாஜா மலேசியா’ என்ற பந்தயம் நடந்ததுண்டு. நம்மவரிலும் சிறந்த ஓட்டுநர்கள் இருந்தார்கள். 1978ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நெடுஞ்சாலை ஓட்டத்தில் இங் ஜூ ஙான் தங்கம் வென்றார். தமிழர்களில் முருகையன் குமரேசன் ஒலிம்பிக் வரை சென்றார். ஆயினும் ஐரோப்பியத் தொழில்முறை அணிகள் நம் வீட்டு வாசலைக் கடந்து செல்லும் என்று யார் நினைத்தார்கள்? அன்றைய பிரதமர் மகாதீர் லங்காவித் தீவை உலகச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்த விரும்பினார். அந்த விருப்பத்தின் ஒரு கிளைதான் இப்பந்தயம். பெயரின் முன்னே நிற்கும் பிரெஞ்சுச் சொற்களே அந்த ஆசையைக் காட்டிவிடுகின்றன!

முதல் ஆண்டு ஆஸ்திரேலியரான டேமியன் மெக்டோனல்ட் வென்றார். நாங்கள் வானொலியையும் தொலைக்காட்சியையும் விடாமல் பின்தொடர்ந்தோம். என் பாட்டியாரும் கூடத்தில் அமர்ந்து திரையைப் பார்த்தார். நூறு பேருக்கு மேல் ஒரே கூட்டமாக மிதிவண்டியில் வருவதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. “இத்தனை சைக்கிளை ஒண்ணாப் பார்த்தது ஜப்பான்காரன் வந்தப்பதான்” என்றார். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மிதிவண்டிகளிலும் ஏறி தெற்கு நோக்கி விரைந்ததையும், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததையும் நாம் பாட நூலில் படிக்கிறோம். டயர் வெடித்த பின்னும் வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டிச் சென்றார்களாம். பாட்டிக்கு அது பாடமன்று. அந்த ஓசை அவர் காதிலேயே இருந்தது.

மற்றபடி எங்கள் தோட்டப்புறத்தில் மிதிவண்டி என்பது விளையாட்டுப் பொருளன்று. பத்து காவான் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். பின்னர் இரப்பர், அதன் பின்னர் செம்பனை. விடியற்காலையில் நெற்றி விளக்குடன் பால்மரம் சீவச் செல்பவர்களுக்கும், அவர்களை மேற்பார்க்கும் தண்டலுக்கும் அது காலைப்போல ஓர் உறுப்பு. அந்தப் பொருளை வைத்து ஒருவன் பிழைக்கலாம், புகழும் பெறலாம் என்பதே எங்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது. இன்று இங்கே இரண்டாம் பாலமும் (2014) ஐக்கியா கடையும் (2019) வந்துவிட்டன. தோட்டத்தின் அடையாளத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

இப்பந்தயத்தைப் பார்ப்பது எப்படி என்று பல பெற்றோர்கள் என்னிடம் கேட்டதுண்டு. காற்பந்தைப்போல நுழைவுச்சீட்டு வாங்கி அமரும் விளையாட்டு அன்று இது. பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஓட்டுவது ஒரு ‘கட்டம்’. எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவர்க்கு ஒட்டுமொத்த வெற்றி. நாளிதழில் பாதையைப் பார்த்து, நிழலுள்ள வளைவு ஒன்றைத் தேர்ந்து, சாலை அடைக்கப்படும் முன்னரே போய் நிற்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் போக்குவரத்துக் காவலர்களின் மோட்டார் வண்டிகள் வரும். அடுத்து அணிகளின் மகிழுந்துகள். பின்னர் ஒரு காற்று... ஆம், முதலில் காற்றுதான். சங்கிலிகளின் இரைச்சல், வண்ணங்களின் கலவை, அரை நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

‘இதற்கா இத்தனை நேரம்?’ என்று என் மனைவியார் முதல் முறை கேட்டார். தைப்பூசத்திற்கு முதல்நாள் தண்ணீர்மலை செல்லும் இரதத்திற்காகச் சாலையோரத்தில் தேங்காயுடன் காத்திருப்போர்க்கு இக்கேள்வி எழுவதில்லையே என்றேன். அவர் அவ்விடையை ஏற்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டும் உடன் வந்தார்.

அந்த அரை நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்பதைப் பழகிக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும். முன்னால் செல்பவனே காற்றைக் கிழிக்கிறான். அவன் பின்னால் ஒட்டி வருபவனுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆகவே அணித் தலைவனைக் காற்றிலிருந்து காப்பதற்கென்றே மற்றவர்கள் ஓட்டுகிறார்கள். தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து தோழர்களுக்குக் கொடுப்பதும் அவர்கள் வேலையே. சமநிலத்தில் கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து வெல்வோர் ஓர் இனம். இத்தாலியரான அந்திரியா குவார்தினி அவ்வாறு 2011இல் ஐந்து கட்டங்களையும் 2012இல் ஆறு கட்டங்களையும் வென்றார். மலையேறுவோர் வேறோர் இனம். அவர்களுக்குரிய நாள் கெந்திங் மலை நாள்.

ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள கெந்திங் உச்சியில்தான் பெரும்பாலான ஆண்டுகளில் பந்தயத்தின் தலையெழுத்து முடிவானது. 2000களின் முற்பகுதியில் ஒருமுறை பள்ளி விடுமுறை எடுத்துக்கொண்டு (தலைமையாசிரியர் மன்னிக்க!) கோதோங் ஜெயாவிற்கு மேலே ஒரு வளைவில் நின்றேன். முதலில் வந்த மெலிந்த கொலம்பியர்களையும் இத்தாலியர்களையும் கைதட்டி வழியனுப்பிவிட்டு மக்கள் கலையத் தொடங்கினார்கள். மூடுபனி இறங்கிற்று. நெடுநேரம் கழித்து இருபது முப்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று மெதுவாக ஏறி வந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. முதல்வன் எடுத்த நேரத்திற்கு மேல் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டிற்குள் வந்து சேராதவர்கள் மறுநாள் ஓட இயலாது. அந்த வரம்புக்குள் உச்சியைத் தொடுவதற்காகப் பகைவர் அணியினரும் ஒன்றுசேர்ந்து ஓட்டுகிறார்கள். நேற்று சமநிலத்தில் வென்றவனும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தான். நம் மலேசிய ஓட்டுநர்கள் சிலரும் இருந்தார்கள். ஒருவர் முகத்தில் உப்புப் பூத்திருந்தது. அவரிடம் நான் “பொலே!” என்று கத்தினேன். அவர் தலை நிமிரவில்லை.

அன்று கண்ட காட்சியை நான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வென்றவர்களைப் பற்றியே சொன்னேன்.

ஆம்ஸ்ட்ராங்கின் கதை ஓர் ஆசிரியனுக்கு வகையாக அமைந்த கதை. 1996 அக்டோபரில், இருபத்தைந்து வயதில், அவருக்குப் புற்றுநோய். 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் வெற்றி. 2004இல் வெளிவந்த மஞ்சள் இரப்பர் வளையத்தின் போலிகள் இங்குள்ள இரவுச் சந்தைகளில் குவிந்து கிடந்தன. என் மாணவர்கள் பலர் கையில் அவ்வளையம். ‘முயற்சி திருவினையாக்கும்’ என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நான் கேட்டேன். தேர்வுத்தாளில் எழுதத் தோதான கதை!

2012 அக்டோபர் 22ஆம் நாள் பன்னாட்டு மிதிவண்டிக் கழகம் அந்த ஏழு பட்டங்களையும் பறித்தது. 2013 ஜனவரியில், ஊக்கமருந்து உட்கொண்டதை அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். நமக்கு இன்னும் அருகில் ஒரு செய்தி: 2003இல் லங்காவிப் பந்தயத்தை வென்ற அமெரிக்கர் டாம் டேனியல்சனும் அதே விசாரணையில் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு ஆறு மாதத் தடை பெற்றார். அவர் ஒப்புக்கொண்டவை பின்னாளில் வேறோர் அணியில் இருந்தபொழுது நடந்தவை. லங்காவிப் பட்டம் அவரிடமே உள்ளது. இருப்பினும் பழைய நாளிதழ்ப் படங்களை நான் முன்போல் பார்க்க இயலவில்லை.

இவ்விளையாட்டில் ஏமாற்று இடையில் வந்த நோயன்று. 1903இல் ‘லோட்டோ’ என்ற பிரெஞ்சு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்குவதற்காகத் தொடங்கியதே டூர் டி பிரான்ஸ். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். அறுபது பேர் புறப்பட்டு இருபத்தொருவர் மட்டுமே முடித்தார்கள். வென்றவர் மொரீஸ் கரான், முன்னாள் புகைபோக்கித் துப்புரவாளர். மறு ஆண்டே அவரும் அவரை அடுத்து வந்த மூவரும் விதிமீறலுக்காக நீக்கப்பட்டு, ஐந்தாவதாக வந்த, இருபது வயதும் நிரம்பாத ஆன்ரி கோர்னே வெற்றியாளரானார். இந்த வரலாறு 2004இலும் நூல்களில் இருந்தது. ரசிகன் என்ற முறையில் நான் அதைப் படித்தும் இருந்தேன். ஆசிரியன் என்ற முறையில் கரும்பலகையில் எழுதவில்லை.

2013இல் என்னிடம் பயின்ற வகுப்பில் என் பிழையைச் சொன்னேன். அப்பிள்ளைகளுக்கு ஆம்ஸ்ட்ராங் யாரென்றே தெரியவில்லை. தெரிய வேண்டியவர்களோ ஏட்டை எடுத்துக்கொண்டு எப்போதோ சென்றுவிட்டார்கள். ஆசிரியப் பெருமக்களே, நம் தொழிலில் இதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. நாளிதழ் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

எனினும் இப்பந்தயத்தை நான் விடவில்லை. 2010இல் அனுவார் மானான் ஒரு கட்டத்தில் முதலாவதாக வந்ததை எப்படி மறப்பேன்? பந்தயம் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மலேசியர் பெற்ற முதல் கட்ட வெற்றி அது. 2005இல் வென்ற தென்னாப்பிரிக்கர் ரயன் காக்ஸ், காலில் நடந்த அறுவை சிகிச்சையைத் தொடர்ந்து 2007இல் இருபத்தெட்டு வயதில் இறந்த செய்தியைப் படித்து உணவு கொள்ளாமல் இருந்த நாளும் உண்டு. நோய்த்தொற்றால் 2021இல் பந்தயம் நடைபெறாதபொழுது எதையோ இழந்ததுபோல் இருந்தது. முன்பு ஆண்டின் தொடக்கத்தில் வந்த பந்தயம் 2022இல் அக்டோபரில் மீண்டும் வந்தது.

ஒரு வாரம் கழிந்து முன்னாள் மாணவர் மகளுடன் வந்தார். கட்டுரையை நான் கிழிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. ‘மிக நன்று’ என்பதன் கீழே அதே சிவப்பு மையில், ‘இதில் மாணவர் பிழை ஏதுமில்லை. ஆசிரியர் கொடுத்த கருத்துகள் தவறானவை’ என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டிருந்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மகளுக்கு 1903ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னேன். இருபத்தொராவதாக, எல்லாருக்கும் கடைசியாக வந்தவர் ஆர்சேன் மில்லோஷோ. முதல்வரைவிட அவர் எடுத்த நேரம் 64 மணி 57 நிமிடம் அதிகம். அவள் விரல்விட்டு எண்ணி, “ரெண்டு நாளைக்கு மேல சார்!” என்றாள். பின்னர் கெந்திங் மலையில் மூடுபனிக்குள் வந்த கூட்டத்தைப் பற்றியும் சொன்னேன்.

“நாம போனா, கடைசி ஆள் வர்ற வரைக்கும் இருப்போமா சார்?”

இருப்போம் என்றேன். அவள் தந்தையிடம் தண்ணீரும் இரண்டு குடைகளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மலையில் மாலையில் மழை பெய்யும்.