உருவம் பெறாத அணங்குகள்: ஜப்பானிய நாட்டார் மரபில் அதிகம் அறியப்படாத சில

1. சொல்லும் வரையறையும்

ஜப்பானிய மரபு என்றதும் கொம்புடைய ஓனி, நீர்நிலை வாழ் கப்பா, நீள்மூக்குத் தெங்கு ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவற்றின் நிழலில் மறைந்துபோன சிற்றூர்ப் பெயர்களே நம் ஆய்வுப்பொருள். இவையனைத்துக்கும் பொதுச்சொல் 'யோகாய்'. அதை எழுதும் இரு சீன எழுத்துகளும் விளங்காமையையும் விநோதத்தையும் சுட்டுவன. தீமை அதில் கட்டாயமில்லை. ஆதலின் 'அரக்கன்' பொருந்தாது. 'பேய்' என்றால் இறந்தவர் ஆவி என்றே நம் வாசகர் கொள்வர். அதற்கு ஜப்பானியரிடம் 'யூரெய்' என்ற தனிச்சொல் உண்டு. மலையிலும் நீர்த்துறையிலும் உறைந்து வருத்தும் ஆற்றலைச் சங்கப் பாடல்கள் 'அணங்கு' என்கின்றன. முழுப் பொருத்தம் இல்லையெனினும் அச்சொல்லையே எடுத்தாள்கிறோம்.

நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ (1875–1962) வகுத்த எல்லை இது: அணங்கு இடத்தைப் பற்றி நிற்கும், அவ்வழி யார் வந்தாலும் எதிர்ப்படும், ஆவி ஆளைப் பற்றித் தொடரும். அணங்கின் பொழுது அந்தி. அந்திக்கு வழங்கும் 'தசோகரே' என்ற சொல்லே, முகம் தெரியா நேரத்தில் 'அது யார்' என்று கேட்பதிலிருந்து பிறந்தது. விலக்குகளும் உண்டு. ஷிகோகு தீவின் மலைகளில் மரம் முறிந்து விழும் ஓசையாக மட்டுமே வரும் 'ஃபுருசோமா', மரம் விழுந்து இறந்தவனின் ஆவி என்கின்றனர். ஆயினும் அது ஆளைத் தொடர்வதில்லை, காட்டைவிட்டு நீங்குவதுமில்லை.

2. மூன்று படிகள்

நாட்டாரியலாளர் கோமாட்சு கசுஹிகோ யோகாயை நிகழ்ச்சி, இருப்பு, வடிவம் என மூன்று தளங்களில் பிரித்தறிந்தார். விளங்காத ஓர் அனுபவம் நிகழ்வணங்கு. அதைச் செய்வதாகக் கருதப்படும் ஒன்று இருப்பணங்கு. ஓவியனின் கையில் உடல் பெற்றது வடிவணங்கு. அறியப்படாத அணங்குகளைப் பொறுத்தவரை இவற்றை வளர்ச்சிப் படிகளாகக் கொள்ளலாம் என்பதும், அவற்றுட் பல முதற்படியிலேயே நின்றுவிட்டன என்பதும் நம் துணிபு.

3. நிகழ்வணங்கு

இவ்வகை புலன்வழிப் பிரியும். செவிக்குரியது 'அசுகி-அராய்': அந்தி மங்கிய ஓடைக்கரையில் யாரோ சிவப்புப் பயறு களையும் ஓசை கேட்கும், நெருங்கினால் எவருமில்லை. காகிதக் கதவில் ஒலியெழுப்பும் ஒரு நுண்பூச்சிக்கும் இதே பெயர் வழங்கியதால், காரணம் அதுவே என்பாருண்டு. வீட்டுக்குள் கேட்பதற்கு அது போதும், ஓடைக்கரைக்குப் போதாது.

நாரா பகுதியின் உதா வட்டாரத்து 'பெதோபெதோ-சான்' இன்னும் எளியது. இரவில் தனியே நடப்பவனுக்குப் பின்னால் காலடி கேட்கும், அவ்வளவே. வழியோரம் ஒதுங்கி, பெயர் சொல்லி, 'நீங்கள் முன்னே செல்லுங்கள்' என்றால் ஓசை நீங்கும். பெயரிலுள்ள 'சான்' மரியாதை விகுதி என்பதைக் கவனிக்க வேண்டும்.

மெய்க்குரியது 'நூரிகாபே', அதாவது பூசிய சுவர். வடக்குக் கியூஷூவில் ஒங்கா வட்டாரக் கடற்கரையில் இரவு நடப்பவனுக்கு முன் வழி திடீரென அடைபடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கால் மட்டும் முன்னேறாது. கோலால் அடிப்பகுதியை வீசித் துழாவினால் மறையும். மேற்பகுதியை அடித்துப் பயனில்லை.

இவ்விரு தீர்வுகளையும் நாம் 'விடுபாடு' என்போம். மந்திரமோ பூசாரியோ வேண்டா. வழிப்போக்கனின் ஒரு சொல், ஒரு கோல்வீச்சு போதும். அணங்கின் தோற்றத்தைச் சொல்லத் தெரியாத ஊரார் விடுபாட்டை மட்டும் திட்டமாகச் சொல்வதே இவ்வகையின் சிறப்பிலக்கணம்.

4. வடிவணங்கு

இங்கு முறை தலைகீழ். ஓவியர் தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட படநூலில் 'அகா-நாமே' இடம்பெறுகிறது. நீள்நாக்குடைய இவ்வுருவம் குளியலறை அழுக்கை நக்குவது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. செகியென் விளக்கம் எழுதவில்லை. 1784இல் அவர் வரைந்த கூரை நக்கியான 'தென்ஜோ-நாமே' இன்னும் வேடிக்கை. உயர்ந்த கூரையுள்ள அறை குளிரும், விளக்கொளி மங்கும் என்ற பழைய கட்டுரைக் கருத்தொன்றைப் பற்றிக்கொண்டு, அதற்குக் காரணம் இவ்வணங்கே என்கிறார். இது ஊரார் அச்சமன்று; படித்தவர் நகை.

5. படி ஏறிய சுவர்

நிகழ்வு வடிவமானதற்கு நூரிகாபேயே தெளிவான சான்று. யானகிதாவின் 1938–39 பெயர்த்தொகுப்பில் அதற்கு உடலில்லை. ஓவியர் மிசுகி ஷிகெரு (1922–2015) போர்க்காலத்தில் தென்கடல் காட்டிருளில் முன்செல்ல விடாத ஒன்றைத் தாமே எதிர்கொண்டதாகச் சொன்னவர். அவருடைய 'கெகெகே நோ கிதாரோ' படக்கதையில் நூரிகாபே கண்ணும் கைகாலும் கொண்ட நாற்சதுரச் சுவராயிற்று. இன்று ஜப்பானியச் சிறுவர் அறிந்த உருவம் அதுவே. 2007இல் கவனத்துக்கு வந்த பழைய ஓவியச்சுருள் ஒன்றில் இதே பெயர், சுவருக்குச் சற்றும் தொடர்பில்லாத முக்கண் விலங்கின் அருகே காணப்படுகிறது. அதுவும் கடற்கரை அனுபவமும் ஒரே மரபினவா என்பதற்குப் பெயரொற்றுமை தவிர வேறு சான்றில்லை.

இவ்வணங்குகளைத் தமிழில் பட்டியலிடப் புகுவோர் படத்திலிருந்து தொடங்காமல், இடம், பொழுது, புலன், விடுபாடு என்னும் நான்கையும் முதலில் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.