மீண்ட உயிரும் காக்க வேண்டிய இதயமும்

1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள். கனடா நாட்டு டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் எலும்புந் தோலுமாய்க் கிடந்தான். நோய், நீரிழிவு. அந்நாளில் அந்நோய் கண்ட சிறுவர் பிழைத்ததில்லை. பான்டிங்கும் பெஸ்ட்டும் விலங்கின் கணையத்தினின்று வடித்த சாறு 11ஆம் நாள் அவனுக்கு ஊசி வழியே செலுத்தப்பட்டது, பெரும்பயன் விளையவில்லை. கொலிப் என்பார் தூய்மை செய்த சாற்றை 23ஆம் நாள் செலுத்தவே, குருதியிற் சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் தேறினான். அச்சாறே இன்சுலின்.

மீண்ட உயிர்கள் நீண்டு வாழ்ந்தபோதுதான் மற்றோர் உண்மை புலனாயிற்று. ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் சர்க்கரை, நரம்புகளையும் குருதிக் குழாய்களையும் ஓசையின்றிக் கெடுக்கும். ஓடுகையில் விரைந்தும் ஓய்வில் தணிந்தும் இதயத்தைத் துடிக்கச் செய்பவை தன்னியக்க நரம்புகள். அவை நலிந்தால் துடிப்பின் இந்நெகிழ்ச்சி குறையும். நோயுற்ற இளைஞர் சிலரிடம், துன்பம் ஏதும் தோன்றுமுன்னரே, இம்மாற்றத்தைக் கருவிகள் காட்டிவிடுகின்றன.

இதனைத் தடுக்க இயலுமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, 13 முதல் 39 வயதுக்குட்பட்ட 1,441 பேரை வைத்து ஆராய்ந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றோரைக் காட்டிலும், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தோரிடம் நரம்புக்கேடு 60 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னாளில் அவர்களிடம் இதயநோயும் குறைந்ததென 2005இல் வெளியிட்டனர்.

உயிரை மீட்டது இன்சுலின். அவ்வுயிரின் நலத்தைக் காப்பது இளமையிற் கொள்ளும் ஒழுங்கு. உங்கள் வகுப்பில் ஊசி போட்டுக்கொள்ளும் தோழன் ஒருவன் இருப்பின், அதனை அவன் ஒளித்துச் செய்ய நேராதவாறு நடந்துகொள்ளுங்கள்.