உம்பளச்சேரி மாடும் உண்ணிக் காய்ச்சலும்: ஒரு குட்டி வரலாறு

1/ மனுஷங்களுக்கு மருந்து எழுதுற டாக்டர் மாட்டைப் பத்தி எழுதலாமா? எழுதலாம். காரணம் மூணாவது பதிவுல இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ எங்க ஊர் பூம்புகார் பக்கம். நான் ஸ்கூல் படிச்சப்ப பக்கத்து வீட்ல கடன் வாங்கி ஒரு ஜெர்சி கலப்பினப் பசு வாங்கினாங்க. ஒரு கோடையில கடும் காய்ச்சல், சிறுநீர் காபி நிறத்துல போச்சு, நாலாம் நாள் செத்துடுச்சு. அதே கொட்டகையில நின்ன உம்பளச்சேரி பசுவுக்கு ஒண்ணும் ஆகல. "நாட்டு மாடு தாங்கும்டா"ன்னு அப்பாயி சொன்னாங்க. ஏன் தாங்குதுன்னு பல வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது.

3/ அமெரிக்காவுல டெக்சாஸ் காய்ச்சல்னு ஒண்ணு இருந்துச்சு. தெற்குல இருந்து ஓட்டிட்டு வந்த மாடுகள் நல்லா இருக்கும், அது நடந்த வழியில மேய்ஞ்ச வடக்கு மாடுகள் சாகும். தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல காரணத்தை வெளியிட்டாங்க: ரத்தச் சிவப்பணுவைத் தின்னும் ஒட்டுண்ணி, அதைச் சுமக்குறது உண்ணி. நாலு வருஷம் கழிச்சு, 1897-ல செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துல மலேரியா கிருமியைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகைப் பாடம் முன்னாடியே வந்துடுச்சு.

4/ அந்தத் தெற்கு மாடுகள் தப்பிச்சது, கன்னுக்குட்டியிலேயே நோய் லேசா வந்து போனதால. அது சம்பாதிச்ச எதிர்ப்பு. நம்ம திமில் மாடுகளுக்குப் பிறவியிலேயே இன்னொண்ணு இருக்கு. உண்ணிக் குஞ்சு கடிச்சதும் தோல் பலமா எதிர்க்கும். பெரும்பாலான குஞ்சு ரத்தம் குடிச்சு வளர முடியாம உதிர்ந்துடும்.

5/ பிரேசில் நம்ம ஓங்கோல் மாட்டைக் கப்பலேத்திட்டுப் போய் "நெலோர்"னு பேர் வெச்சதுக்கு வெயிலோட உண்ணியும் ஒரு காரணம். இன்னிக்கு அந்த நாட்டு இறைச்சி மாடுகள்ல பெரும்பங்கு அந்த வம்சம்தான்.

6/ மேற்கு ஆப்பிரிக்காவுல எந்தாமான்னு ஒரு குட்டை மாடு. செட்சி ஈ பரப்புற ட்ரிப்பனோசோமா மத்த மாடுகளை ரத்தசோகையில கொல்லும். எந்தாமா கிருமியைக் குறைவா வெச்சுக்கும், ரத்தத்தையும் காப்பாத்திக்கும். அரிவாள் அணு மரபணு ஒண்ணு மட்டும் இருக்குறவங்களை மலேரியா சுலபமா கொல்றதில்லைன்னு படிப்போம்ல, அதே கதை. பலவீனமானது செத்து, தாங்கினது பெருகி, பல தலைமுறையில வந்த குணம்.

7/ நம்ம டெல்டாவோட சொத்து உம்பளச்சேரி. பேர் தலைஞாயிறு பக்கத்து ஊரோடது. கன்னு செவலையா பிறந்து பிறகு சாம்பல் நிறமாகும். நெத்தியில வெள்ளைப் பொட்டு, காலுக்கு வெள்ளைக் காலுறை. முழங்கால் சேத்துல உழுறதுக்குன்னே வளர்த்த மாடு. லிட்டில்வுட் 1936-ல தென்னிந்தியக் கால்நடைகள் பத்தி எழுதின புத்தகத்துல இதுவும் இருக்கு.

8/ டிராக்டர் வந்துச்சு, காளைக்கு வேலை போச்சு. பால் ரெண்டு லிட்டர் தாண்டினாலே பெரிசு. ரெண்டு லிட்டரை வெச்சு விவசாயி வட்டி கட்ட முடியுமா? அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது.

9/ ஒரு எச்சரிக்கை. "நாட்டு மாட்டுக்கு நோயே வராது"ன்னு ஃபார்வர்டு வந்தா நம்பாதீங்க. 2022-ல தோல் கழலை நோய் ராஜஸ்தான், குஜராத்ல நாட்டு மாடுகளையும் ஏராளமா கொன்னுச்சு. உண்ணியைத் தாங்குறது வேற, வைரஸைத் தாங்குறது வேற. தடுப்பூசி எல்லா மாட்டுக்கும் போடுங்க.

10/ உண்ணி மருந்துக்கு உண்ணி பழகிக்குது. நாம ஆன்டிபயாடிக்ல பார்க்குற அதே தலைவலி. அப்ப தேடிப் போறது இந்த மாடுகளைத்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கை அரசுப் பண்ணையில இந்த இனத்தைப் பராமரிக்குறாங்க. பண்ணை மட்டும் போதாது, வீட்டுக் கொட்டகையிலயும் இருக்கணும். உங்க வீட்ல இன்னும் உம்பளச்சேரி இருக்கா? போட்டோ போடுங்க, பார்க்க ஆசையா இருக்கு.