சைகோன் சபராளிகளும் ஹலால் உணவும்



அண்மையில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், புதுச்சேரியில் வியட்நாம் உணவகத்துக்கு அத்தா எங்களை அழைத்துப் போகிறார்கள். அங்கே சாப்பிடக் கூடுமா?" என்று வினவினான். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். கூடும், கூடாது என்று ஒரே சொல்லில் விடையளிக்காமல், அவ்வுணவு நம் கரைக்கு வந்த வரலாற்றை அவனுக்குச் சொன்னேன். அதில் நம் முன்னோருக்கும் பங்கு உண்டு.

கடலூர் ஆங்கிலேயரிடமும் புதுச்சேரி, காரைக்கால் ஆகியவை பிரெஞ்சுக்காரரிடமும் இருந்த காலம் அது. 1859இல் சைகோனைக் கைப்பற்றிய பிரான்ஸ், 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தெற்கு வியட்நாமில் தன் ஆட்சியை நிறுவியது. அதன்பின் நம் பகுதித் தமிழர் பலர் சிப்பாய்களாகவும் அலுவலர்களாகவும் அங்கே சென்றனர். செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தினர். தமிழ் முஸ்லிம் சபராளிகளோ துணி வணிகத்திலும் நாணய மாற்றுத் தொழிலிலும் சிறந்து விளங்கினர்.

அந்நாளில் அவர்களுக்கு ஒரு சோதனை வந்தது. 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சிந்தியர் தத்தம் சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர அது வழி செய்தது. அவ்வாறு வந்தோருக்குச் சைகோனில் பதவியும் ஊதிய உயர்வும் கிட்டும் வாய்ப்பு இருந்தது. ஆனால் முஸ்லிம் ஒருவருக்கு அதன் பொருள், நிக்காஹ், வாரிசுரிமை ஆகியவற்றில் ஷரீஅத்தைக் கைவிடுவது என்பதாகும். அவ்வாணையை ஏற்றவர்களுள் முஸ்லிம்கள் மிகச் சிலரே.

அதற்காக அவர்கள் அந்நாட்டு மக்களை விட்டு ஒதுங்கி வாழவுமில்லை. 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் சைகோனின் நடுவே, டோங் து தெருவில் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் பாங்கொலி கேட்கிறது. நம் 'கறி' அங்கே 'கா ரி' ஆயிற்று. தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்துச் சமைத்து, ரொட்டியுடன் அதை உண்கிறார்கள்.

1954இல் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. அவ்வாண்டே புதுச்சேரியும் இந்தியாவின் நிர்வாகத்தின்கீழ் வந்தது. அக்காலத்தை ஒட்டியும், 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும் தமிழர் பலர் ஊர் திரும்பினர். சிலருடன் வியட்நாமிய மனைவியரும் வந்தனர். அவர்களுடைய அடுப்படிகளிலிருந்தே நெம் சுருளும் மீன் சாறும் புதுச்சேரிக்கு அறிமுகமாயின.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். அந்நிய நாட்டு உணவு என்பதனால் மட்டும் ஒன்று ஹராம் ஆகிவிடாது. மீன் சாறு என்பது மீனையும் உப்பையும் பல மாதங்கள் ஊற வைத்து வடிப்பது. கடல் உணவு ஆகுமானது என்பதற்கு அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனமே சான்று. இறாலைப் பற்றி ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈகளுக்கு அது தடையற்றது. ஆயினும் நெம் சுருளில் பன்றி இறைச்சியை வைப்பதே வியட்நாமிய வழக்கம். 'ஃபோ' எனும் நூடுல்ஸ் சூப்பை மாட்டெலும்பைக் கொதிக்க வைத்துச் செய்கிறார்கள். அந்த மாடு முறைப்படி அறுக்கப்பட்டதா என்று அறிய வேண்டும். ஆகவே கேட்டறிந்து உண்பதே நம் கடமை.

மறுவாரம் மாணவன் வந்தான். அவன் அத்தா சமையற்காரரிடம் பணிவாக விசாரித்தார்களாம். சுருள்கள் எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுவதை அறிந்து காய்கறிச் சுருளையும் தவிர்த்து, தனிப் பாத்திரத்தில் அவித்த மீனும் சோறும் உண்டார்களாம். "கடைக்காரர் கோபிக்கவில்லை ஹஜ்ரத், அடுப்பருகே அழைத்துப் போய்க் காட்டினார்" என்றான்.

சைகோனில் நம் முன்னோர் வாழ்ந்து காட்டியதும் இதுவே. அண்டை வீட்டாரின் உணவை அவர்கள் இகழவில்லை. அதற்காகத் தம் மார்க்கத்தை விட்டுக்கொடுக்கவுமில்லை. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கும் அந்தப் பேணுதலையும் பண்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.