சுகர் கிளைடரைக் கையில் எடுப்பதற்கு முன்

சுகர் கிளைடர் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது இப்போது எங்கள் வீடுகளில் புதுக்கதையல்ல. அம்மம்மாமார் அதற்குப் பறக்கும் அணில் என்று பெயர் வைத்துவிடுவார்கள். இது அணில் இனமல்ல. கங்காருவைப்போல வயிற்றுப்பையில் குட்டியை வளர்க்கும் பிராணி. தாயகம் அவுஸ்திரேலியாவும் நியூகினியாவும். 100 முதல் 150 கிராம் வரை நிறை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே விரியும் தோலால் மரத்துக்கு மரம் 50 மீற்றர் வரை காற்றில் வழுக்கிப்போகும். கவனமாக வளர்த்தால் 10, 12 வருடம் இருக்கும். ஆறாம் வகுப்பில் கேட்ட பிள்ளை பல்கலைக்கழகம் போனபின்னும் சாப்பாடு வைக்கப்போவது பெற்றோர்தான்.

சட்டத்தை முதலில் பாருங்கள். ரொறன்ரோ நகரம் பைப்பாலூட்டிகளை வீட்டில் வைத்திருக்கத் தடைசெய்தாலும், கூண்டிலேயே தலைமுறையாகப் பெருகிய சுகர் கிளைடருக்கு விலக்களிக்கிறது. கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் மாநிலங்களில் வளர்க்க முடியாது. தாயகமான அவுஸ்திரேலியாவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.

ஒன்றை மட்டும் வாங்க வேண்டாம். கூட்டமாக வாழ்ந்து பழகிய இனம் இது. தனியே விடப்பட்டால் தன் வாலையே கடித்துப் புண்ணாக்கும் அளவுக்குப் போய்விடுவதுண்டு. ஆணும் பெண்ணும் சோடியாக வாங்கினால் ஆணுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வித்துவிடுங்கள். பையிலிருந்து வெளிவந்து 8 முதல் 12 கிழமையான, பால்குடி மறந்த குட்டி இலகுவில் பழகும். வளர்ந்ததும் பழகும், கூடுதல் நாள் எடுக்கும்.

வளர்ந்த ஆணின் உச்சந்தலையில் ஒரு வழுக்கை தெரியும். நோயென்று பயப்பட வேண்டாம், அது மணச்சுரப்பி. அதை உரசித் தன் கூட்டத்தாருக்கு மணம் பூசும். தன்னவர் யார், அந்நியர் யார் என்று இப்பிராணி பிரிப்பது மணத்தால்தான். ஆகவே பழக்கம் கையால் தொடங்குவதில்லை; எங்கள் மணத்தால் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாள் நாங்கள் தொடவேயில்லை. சிறிய ஃபிளீஸ் துண்டொன்றை ஒருநாள் முழுக்க சேட்டுக்குள் வைத்திருந்து, பிறகு அவை தூங்கும் பைக்குள் போட்டோம். துவாய்த்துணி கூடாது, அதன் நூலில் நகம் மாட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் வாசனைத் திரவியமும் பூசாதீர்கள்.

கூண்டுக்குள் கையை விட்டதும் பின்காலில் எழுந்து, மின்சாரப் பென்சில் சீவி போலக் கிர்ரென்று கத்தும். அது கோபத்தைவிடப் பயம். கையைச் சட்டென்று இழுத்தால், கத்தினால் கை போய்விடும் என்று படித்துக்கொள்ளும். துரத்திப் பிடித்தால், கை வந்தாலே ஆபத்து என்று படிக்கும். எனவே கையை அசையாமல் அங்கேயே வைத்திருங்கள். அது மணந்து பார்க்கட்டும். அடங்கியபின் விரல் நுனியில் துளி தயிர் தடவிக் கொடுக்கலாம். கடித்தால் அடிக்கவோ ஊதவோ வேண்டாம். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பகல் அவற்றுக்குத் தூக்க நேரம். தூங்கும் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒன்றிரண்டு மணிநேரம் உங்கள் வேலையைப் பாருங்கள். வருமானவரிக் கணக்குப் பார்க்கும் நீண்ட பகல்கள் எங்களுக்கு இதற்கு நல்ல வாய்ப்பு. இரவில் சிறிய கூடாரத்துக்குள்ளோ கதவடைத்த அறையிலோ தரையில் இருந்துகொண்டு, அவையாக ஏறிவர விடுங்கள். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் எங்கள் ஆட்களுக்கு, விழித்திருந்து வரவேற்கும் ஒரே உயிர் இதுவாகத்தான் இருக்கும்.

தூக்கும்போது இரு கைகளையும் கிண்ணம்போலக் குவித்துக் கீழிருந்து ஏந்துங்கள். மேலிருந்து இறங்கும் கை அவற்றுக்கு ஆந்தை மாதிரி. வாலில் பிடித்துத் தூக்கவே கூடாது. சிறுபிள்ளைகள் பாசத்தில் நெரித்துவிடுவார்கள். பெரியவர் பக்கத்தில் இருக்க, தரையில் இருத்தியே கொடுங்கள்.

வெளியே விடுமுன் ரொய்லெட் மூடியைப் பாருங்கள், இவை அதற்குள் விழுந்து மூழ்கிச் சாவதுண்டு. குசினியில் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருக்கும்போது வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். பூனை, நாய் இருக்கும் வீட்டில் கதவு பூட்டியிருக்க வேண்டும். குளிர்நாட்டில் கூண்டை யன்னலோரம் வைக்காதீர்கள். 24 முதல் 27 பாகை செல்சியஸ் நல்லது. உடல் குளிர்ந்து சோர்ந்து கிடந்தால் நெஞ்சோடு அணைத்துச் சூடாக்கியபடியே வைத்தியரிடம் போங்கள்.

பழத்துண்டும் புழுவும் மட்டும் போதாது. கல்சியம் குறைந்தால் எலும்பு தளர்ந்து பின்கால்கள் இழுபடத் தொடங்கும். தேன், அவித்த முட்டை, குழந்தைகளுக்கான தானிய மா, விற்றமின் கலந்து செய்யும் கலவை பலரும் கொடுப்பது. அதோடு மரக்கறி, பழம், பூச்சி. சொக்லேட், வெங்காயம், உள்ளி சேர்ந்த எங்கள் கறி எதுவும் வேண்டாம்.

வாங்கும் விலை இதில் சின்னத் தொகை. உயரமான கூண்டு, மாதாமாதச் சாப்பாடு, வைத்தியச் செலவு எல்லாவற்றையும் 12 வருடத்துக்கு எழுதிக் கூட்டிப் பாருங்கள். நாய் பூனை பார்க்கும் எல்லா மிருக வைத்தியரும் இதைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில், சனி ஞாயிறில் திறந்திருப்பாரா என்று முன்பணம் கொடுக்குமுன்னரே தொலைபேசியில் கேட்டு வையுங்கள்.